வினையும் விசாரணையும்

மதுரையில் வெட்டுண்டு இறந்த கோவலனைக் கொன்றவர் யார் என்று கேட்டால், சிலப்பதிகாரக் கதையை ஓரளவு அறிந்தவர்கூடப் பாண்டியன் நெடுஞ்செழியன் என்று தயங்காமல் சொல்லிவிடுவார். ஆனால் இளங்கோவடிகள் அந்தக் கொலையை அமைத்திருக்கும் விதத்தை நிதானமாகப் பார்த்தால், ஒரே மனிதனுடைய உயிரைப் போக்குவதில் நான்கு வகையான மனிதர்கள் பங்கு கொண்டிருப்பதையும், அந்தப் பங்குகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாதிருப்பதையும் காணலாம். அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்துகொண்டு, அக்குற்றத்தைச் சுமத்துவதற்கு ஆள் கிடைத்ததென்று கோவலனைக் கண்டு மகிழ்ந்த பொற்கொல்லன் ஒருவன். ஊடல் கொண்ட தேவியைத் தணிவிக்க அந்தப்புரத்தை நோக்கி விரைகையில், வழியில் விழுந்து வணங்கியவனுடைய சொல்லை ஆராயாமலே ஆணையிட்ட அரசன் ஒருவன். கோவலனுடைய தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வனாக இருக்க முடியாது என்று ஐயுற்றும், அந்த ஐயத்தை அரசனிடம் கொண்டுபோகாமல் நின்ற காவலர் சிலர். கடைசியில், கள்மயக்கத்தில் வாளை ஓங்கிய கல்லாத முரடன் ஒருவன். வாள் அவனுடைய கையில் இருந்தது. ஆனால் பாவம் யாருடைய கணக்கில் எவ்வளவு?

மனிதன் மனமறிந்து செய்யும் ஒரு செயலை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்குவது எது என்ற கேள்வி, தத்துவ சாஸ்திரிகளுக்கு மட்டும் உரியதன்று. நீதிமன்றத்துக் கூண்டிலும், பஞ்சாயத்து நடக்கும் ஆலமரத்தடியிலும், குழந்தையைக் கண்டிக்கும் தாயின் வாயிலும் அது நாள்தோறும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு நம்மவர்களிடம் எப்போதும் தயாராக இருக்கும் விடை ஒன்று உண்டு: ‘மனசு சுத்தமா இருந்தாப் போதும்.’ இந்த விடையில் பெரியதொரு உண்மை அடங்கியிருப்பதை நான் மறுக்கவில்லை. அது முழு உண்மையாகாது என்பதையும், அதை முழு உண்மையாகக் கொண்டதனால் வந்த கேடுகளுக்கு நம்முடைய மதுரையே சாட்சி என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மனிதனிடத்தில் நிகழ்வதெல்லாம் மனிதனுடைய செயல் ஆகிவிடாது. உறக்கத்தில் புரண்டு பக்கத்தில் இருந்த விளக்கைத் தட்டிவிட்டவனைக் குற்றவாளி என்று யாரும் சொல்வதில்லை. அறிவும் சங்கற்பமும் கலந்த இடத்தில்தான் செயல் என்பது பிறக்கிறது. புகழும் பழியும் அங்கேதான் வந்து ஒட்டுகின்றன. சிலப்பதிகாரத்தில் மாடலன் என்னும் மறையோன் மதுரையில் நடந்த கொடுமையைப் புகாருக்குச் சென்று சொல்கிறான். சொல்லக் கேட்டவர்களிற் சிலர் துயரம் தாங்காமல் உயிர் விடுகிறார்கள். தன் வாய்ச்சொல்லால் வந்த அந்த மரணங்களுக்குக் கழுவாய் தேடி அவன் கங்கைக்கு நீராடப் போகிறான். மாடலன் பாவம் செய்தவனா? உண்மையைச் சொன்னதொன்றே அவன் செய்தது. சாவை அவன் எண்ணவுமில்லை, விரும்பவுமில்லை. அவனுடைய வருத்தம் அவனுடைய உள்ளத்தின் மென்மைக்குச் சான்றாகுமே அல்லாமல், குற்றத்துக்குச் சான்றாகாது. ஒரு செயலின் பின்னே வந்து விழுந்த விளைவை மட்டும் கொண்டு அதைத் தீயதென்று தீர்ப்பது நியாயமாகாது என்பதற்கு இந்த அந்தணனே போதும்.

அப்படியானால் எதைக் கொண்டு தீர்ப்பது? இந்தக் கேள்விக்கு மேல்நாட்டார் கண்ட விடை ஒன்றைத் தம்முடன் சுமந்துகொண்டு, 1606ஆம் ஆண்டில், நாயக்கர் ஆட்சியில் இருந்த மதுரைக்கு வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர். இத்தாலி தேசத்துப் பிரபு குடும்பத்தில் 1577இல் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து துறவு பூண்ட ராபர்ட் தெ நோபிலி என்பவர் அவர். தமிழும் சமஸ்கிருதமும் கற்று, காவி உடுத்து, புலால் நீக்கி, தத்துவ போதகர் என்ற பெயரும் தாங்கி, ஞானோபதேசம் முதலிய நூல்களைத் தமிழ் உரைநடையில் எழுதிய அவரை, நம்முடைய உரைநடையின் சரித்திரத்தை எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அவர் பயின்றுவந்த சாஸ்திரம், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்து 1274இல் மறைந்த தாமஸ் அக்குவினாஸ் என்னும் பேரறிஞருடையது. மனமறிந்த செயல் ஒன்றை எடைபோட அந்த அறிஞர் மூன்று இடங்களைப் பார்க்கச் சொன்னார்: செய்யப்படும் செயல் இன்னதென்பது, அது எதை நோக்கிச் செய்யப்படுகிறதென்பது, எந்தச் சூழ்நிலையில், யாரால், யாருக்கு, எப்போது, எப்படிச் செய்யப்படுகிறதென்பது. மூன்றும் செம்மையாக இருந்தால்தான் செயல் நல்லது. ஒன்றில் பழுது நேர்ந்தாலும் செயல் பழுதுபட்டுவிடும்.

இதை மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் கரையில் வைத்துப் பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டு. கண்மாயில் கிடக்கும் கொஞ்ச நீரை முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வதென்று ஊர் கூடித் தீர்மானித்திருக்கிறது. மடைக்கு அருகே நிலம் உள்ள ஒருவர், கருகிக்கொண்டிருக்கும் தம்முடைய பயிரைக் காண ஆற்றாமல், தமக்கு முறையில்லாத இரவில் மடையைத் திறந்துவிடுகிறார். பயிரைக் காப்பது நல்ல நோக்கம். அந்தப் பயிரை நம்பித் தங்கையின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால், நோக்கம் இன்னும் உருக்கமானது. ஆனால் அவர் செய்தது என்ன? பயிருக்கு நீர் பாய்ச்சினார் என்பது பாதி விடை. கடைமடைக்காரருடைய நீரை எடுத்துக்கொண்டார் என்பதே முழு விடை. நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், செயலின் பெயர் மாறிவிடுவதில்லை. பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலுங்கூடச் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்று வள்ளுவர் கண்டிப்பாகச் சொன்னதும் இந்த நுட்பத்தை உணர்ந்துதான். தாயின் பசியைவிடப் பெரிய நோக்கம் ஒன்றை இந்த நாட்டில் யாராலும் காட்ட முடியாது. அந்த உச்சியையே எடுத்துவைத்து, அதுவும் போதாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இனி அதே மடைக்காரர், முறைப்படி தமக்கு வந்த நீரில் பாதியைக் கடைமடைக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செயல் உயர்ந்தது. ஆனால் வரப்போகும் தேர்தலில் வாக்குத் தேடியே அவர் கொடுத்தார் என்றால், கடைமடைக்காரரின் பயிருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கொடுத்தவருடைய உள்ளத்துக்குத்தான் நஷ்டம். நீர் போய்ச் சேர்ந்தது, அறம் போய்ச் சேரவில்லை. பயிர் முற்றி அறுப்புக்கு நிற்கும்போது அதே நீரைத் திறந்துவிட்டாலோ, நோக்கமும் செயலும் நன்றாக இருந்தும், காலம் அறியாததனால் அது கேடாக முடியும்.

நம்மிடம் வழங்கும் ‘மனசு’ என்னும் விடை இந்த மூன்றில் ஒன்றையே பார்க்கிறது. அதுதான் மூன்றிலும் உயிரானது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் உயிர் ஒன்றைக் கொண்டு உடலின் குறைகளை இல்லையென்று சொல்ல முடியுமா?

இந்த அளவுகோலோடு பாண்டியன் அரண்மனைக்குத் திரும்பினால், பொற்கொல்லனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. குற்றமற்றவன் மேல் பொய்க்குற்றம் சுமத்துவதென்ற செயல், தன்னுடைய களவை மறைப்பதென்ற நோக்கம், நம்பி வந்த அயலூரானை வஞ்சிப்பதென்ற சூழ்நிலை ஆகிய மூன்றும் இருண்டவை. வாள் வீசிய முரடனோ, தன் செய்கையைத் தானே அறியாத மயக்கத்தில் இருந்தவன். ஆனால் அந்த மயக்கத்தைத் தானே வலியத் தேடிக்கொண்டவன் அவன். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமும், தன் விருப்பமின்றி மயக்கப்பட்டவனையும், தானே குடித்து மயங்கியவனையும் வேறு வேறாகவே நடத்தியது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை.

நெடுஞ்செழியனைப் பற்றித்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும். கோவலன் மேல் அவனுக்குப் பகையில்லை. அவனை அறியவும் மாட்டான். கள்வனைத் தண்டிப்பது அரசனுடைய கடமை. அந்தக் கடமையைத்தான் செய்வதாக அவன் எண்ணினான். அப்போது அவனுடைய உள்ளத்தைத் திறந்து பார்த்தால், அங்கே கொலைபாதகம் எதையும் காண மாட்டோம். காணக்கூடியது ஓர் அவசரம் மட்டுமே. தேவியின் ஊடலைத் தணிவிக்க வேண்டும். சிலம்பு கிடைத்துவிட்டால் அவள் மகிழ்வாள். இந்தப் பொற்கொல்லனை நிறுத்திவைத்து நாலு கேள்வி கேட்க இப்போது நேரமில்லை. இவ்வளவுதான். அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் அறிந்துகொள்ளும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அறிய வேண்டிய பதவியில் தான் இருந்தும், அறியாமலே போவதைத் தேர்ந்துகொண்டவனுடைய அறியாமை அவனைக் காப்பாற்றாது. அந்த அறியாமையே அவன் மனமறிந்து செய்த செயல். ஆணையில் அவனுடைய சங்கற்பம் பிறக்கவில்லை. அதற்கு ஒரு கணம் முன்னதாக, விசாரிக்காமல் விட்ட இடத்திலேயே அது பிறந்துவிட்டது. நாம் செய்யும் தீமைகளிற் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன என்று நான் நினைக்கிறேன். தீமை செய்வோம் என்று புறப்படுகிறவர் சிலர். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் பலர். கோவலனுடைய மனைவி கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் தேவியின் சிலம்பில் முத்தும் இருந்தன. உடைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் கோவலன் உயிரோடு இருந்தபோது அரண்மனையில் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஐயுற்றும் நின்ற காவலர்களையும் மறக்கலாகாது. கள்வர்கள் கைக்கொள்ளும் உபாயங்களைப் பற்றிப் பொற்கொல்லன் பெரிய சாஸ்திரம் ஒன்றையே எடுத்துரைத்தான். அதைக் கேட்டவர்களின் ஐயம் தீர்ந்ததா, அல்லது தீர்ந்ததாக வைத்துக்கொள்வது அவர்களுக்கு வசதியாக இருந்ததா? அரசனுடைய சினத்துக்கு அஞ்சினார்கள். அச்சம் பழியைக் குறைக்கும், அடியோடு நீக்கிவிடாது.

விசாரிக்காததனால் விளைந்த கேட்டைக் காட்டிய அதே காப்பியம், விசாரித்த பாண்டியர்களையும் காட்டாமல் விடவில்லை. மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி, கண்ணகிக்குச் சொல்வதாகக் கட்டுரை காதையில் இரண்டு வரலாறுகள் வருகின்றன. திருத்தங்கால் ஊரினனான வார்த்திகன் என்னும் அந்தணனுடைய சிறு மகன், வேற்றூர் அந்தணன் ஒருவன் மனம் மகிழ்ந்து கொடுத்த நகைகளை அணிந்திருந்தான். அதைக் கண்ட அரசுப் பணியாளர், அரசனுக்குரிய புதையலைத் தகப்பன் எடுத்துக்கொண்டான் என்று அவனைச் சிறையில் அடைத்தார்கள். அவன் மனைவி கதறினாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது. அப்போது ஆண்ட பாண்டியன் நடந்தது என்ன என்று விசாரித்தான். தன் பணியாளருடைய பிழையைத் தன் பிழையாக ஏற்று, வார்த்திகனை விடுவித்து, ஊர்களும் அளித்து, அவன் முன்னே நிலத்தில் விழுந்து வணங்கினான். நகையைக் கண்டு கள்வன் என்று நினைத்த அதே தவறுதான் இங்கேயும். நடுவில் ஒரு விசாரணை நுழைந்ததனால் ஓர் உயிர் பிழைத்தது. மற்றொருவன் பொற்கைப் பாண்டியன். கணவன் வெளியூர் போயிருக்க, அரசனுடைய காவலை நம்பித் தனித்திருந்த கீரந்தை என்பவனின் மனைவியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அந்தத் தட்டினால் ஒரு பெண்ணின் நற்பெயருக்கு ஊறு வருமே என்றுணர்ந்து, தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டவன். நோக்கத்தில் மாசில்லாதவன், சூழ்நிலையை எண்ணாமல் போனதற்காக அவ்வளவு கடுமையாகத் தன்னைத் தண்டித்துக்கொண்டான். அந்தத் தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், நல்லெண்ணத்தோடுதானே தட்டினேன் என்று சொல்லி அவன் தப்பித்துக்கொள்ளாததை வணங்காமல் இருக்க முடியவில்லை.

நம்முடைய மேடைகளில் சிலப்பதிகாரம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் போகிற ஓர் இடம் உண்டு. நெடுஞ்செழியன் இறந்தபின், கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பட்டத்துக்கு வந்து, பத்தினிக் கடவுளான கண்ணகிக்கு ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான். மழை பொய்த்து, வறுமையும் நோயும் நாட்டை வருத்தியதனால் அப்படிச் செய்தான் என்றும், அதன்பின் மழை பெய்து நாடு செழித்தது என்றும் காப்பியம் சொல்கிறது. நோக்கம் நாட்டின் நலம், விளைவும் நலம். ஆனால் செயல் என்ன? ஒருவன் செய்த வஞ்சகத்துக்காக, அவனுடைய தொழிலைச் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் அறியாத ஆயிரம் பேரைக் கொல்வது. ஒரு குற்றமற்றவனை விசாரிக்காமல் கொன்றது அநீதி என்று உலகறியச் செய்யப் பிறந்த கதையிலேயே, ஆயிரம் குற்றமற்றவர்கள் விசாரணையின்றிக் கொல்லப்படுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுடைய மனைவியர் யாரும் சிலம்பேந்தி அரசவைக்கு வரவில்லை. இது சரித்திரமா, காப்பியக் கற்பனையா என்பது இங்கே முக்கியமன்று. படிக்கும் நம்முடைய நெஞ்சு கோவலனுக்காகத் துடித்துவிட்டு, இந்த ஆயிரம் பேரைக் கடந்து போய்விடுகிறதே, அதுதான் எனக்கு வேதனை தருகிறது. நல்ல நோக்கமும் நல்ல விளைவும் சேர்ந்துவிட்டால் நடுவில் உள்ள செயலைப் பார்க்காமல் விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது!

செயலை அளக்கும் கோலோடு மதுரைக்கு வந்த நோபிலியும், அதே கோலால் அளக்கப்பட நேர்ந்தது. அவருக்கு முன்பே மதுரையில் தொண்டு செய்துகொண்டிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் மூத்த பாதிரியார், நோபிலியின் கிறிஸ்தவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் தரிப்பதைக் கண்டு மேலிடத்துக்கு முறையிட்டார். 1619இல் கோவாவில் கூடிய சபையிலும் எதிர்ப்பே மிகுந்தது. நோபிலியின் வாதம், பூணூல் அணிவது தன்னளவில் வழிபாட்டுச் செயலன்று, இன்ன குலத்தான் என்று காட்டும் ஓர் அடையாளம். ஆகவே அதை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்குவது அணிபவனுடைய நோக்கமும் சூழ்நிலையுமே, என்பது. 1623 ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, பிற சமயச் சடங்குகளின் சாயல் நீக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு, அவற்றை அனுமதித்தார். வாதத்தில் நோபிலி வென்றார். நுட்பமான வாதம் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பூணூல் குலத்தைக் காட்டும் அடையாளமே என்று நிலைநாட்டியவர், ஒரு மனிதனை மேலே வைத்து மற்றொருவனைக் கீழே தள்ளும் அந்த அடையாளம் தன்னளவில் நியாயமானதா என்ற கேள்வியை எழுப்பவில்லை. உயர்குலத்தாரிடம் போகும் குருமார் வேறு, தாழ்த்தப்பட்டோரிடம் போகும் பண்டார சுவாமிகள் வேறு என்று மதுரை மிஷன் பின்னாளில் பிரிந்து நடந்ததில், அந்த எழுப்பப்படாத கேள்வியின் பலனைக் காண்கிறோம்.

தீண்டாமையைக் காத்து நின்றவர்களும் தீய நோக்கம் உடையவர்கள் என்று தம்மை எண்ணிக்கொண்டவர்கள் அல்லர். 1939 ஜூலை 8ஆம் நாள், வழக்கறிஞரான வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஹரிஜன அன்பர்களையும், அந்நாளில் அவர்களைப்போலவே விலக்கப்பட்டிருந்த நாடார் குலத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார். இருட்டில் அல்ல, பகலில். ஒளித்து அல்ல, கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அறிய. அதைச் செய்தவர்களைச் சட்டத்தின் பிடியிலிருந்து காக்க, ராஜாஜியின் மந்திரிசபை பிறகே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. எதிர்த்தவர்கள் கோயிலின் தூய்மையைக் காப்பதாக உள்ளபடியே நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் உண்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், வாசலில் கைகூப்பி நின்ற மனிதனிடம் தீட்டு எங்கே இருக்கிறதென்று அவர்கள் ஒரு நாளாவது விசாரித்தார்களா? தலைமுறை தலைமுறையாக அந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்ததற்கு அவர்களுடைய நல்லெண்ணம் எப்படிச் சமாதானமாகும்?

காந்தியடிகள் 1934இல் ஹரிஜன யாத்திரையின்போது மதுரைக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போகவில்லை. 1946 பிப்ரவரியில் மீண்டும் வந்தபோது உள்ளே சென்று வணங்கினார். கோயிலும் ஒன்றே, தெய்வமும் ஒன்றே, வணங்கியவருடைய பக்தியும் ஒன்றே. ஆயினும், தம்முடன் வந்த சிலரை வாசலோடு நிறுத்திவிடும் கோயிலுக்குள் 1934இல் அவர் நுழைந்திருந்தால், அந்த வணக்கமே அவர்களை விலக்கியதற்கு இசைவு தந்த செயலாகியிருக்கும். வைத்தியநாத ஐயரும் அவருடன் சென்றவர்களும் திறந்துவைத்த வாசலில் 1946இல் நுழைந்தபோது, அது வணக்கமாகவே நின்றது.